நீ கழித்துவிட்ட ஒன்பதாவது நட்சத்திரம்

உனக்கு எழுதும்போதெல்லாம் ‘அன்புள்ள’ என்று தொடங்குவது என் வழக்கம். இன்று அந்தச் சொல்லுக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். அடுத்த மாதம் தீசிஸைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் வேலைக்குப் போகப் போகிறவன் நீ. அதற்குள் இன்னொரு முறை திருச்செங்கோட்டுக்கு வருவாயா என்று எனக்குத் தெரியாது. நேரில் நீ சொல்ல விடாததை எழுதுகிறேன். நீ கேட்ட வரைபடச் சுருளுக்குள் இதையும் சுற்றி வைத்திருக்கிறேன், தனியாக உறை போட்டு ஒட்டவில்லை. உன் அம்மா படித்துவிட்டாள். உன் புரொபசர் படிக்கட்டும், பெங்களூரில் உன்னோடு தங்கியிருக்கும் அறைக்காரர்கள் படிக்கட்டும். ஒளித்துப் படிக்க வேண்டிய சங்கதி எதுவும் இதில் கிடையாது. ஒளித்தது நீ.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வேண்டாததை விட்டுவிட்டுச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. உன் தீசிஸுக்கு ஒரு வரைபடம் வேண்டுமென்று டிரேசிங் தாளோடு வந்தாய். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, பதினைந்து வருஷம் தண்ணீருக்குப் போர் போடும் ரிக்கு லாரியில் ஊர் ஊராக அலைந்து, இப்போது ரிக்கு கட்டும் பட்டறையில் படம் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு மை வேலை சுத்தமாக வரும் என்று உனக்குத் தெரியும். கீழ்க்கோட்டில் நட்சத்திரத்தின் சூடு, பக்கக் கோட்டில் அதன் எடை, நடுவில் கணக்கு சொல்கிற எடைக்கு ஒரு நேர்கோடு, அந்தக் கோட்டை ஒட்டினாற்போல் எட்டுப் புள்ளிகள். அழகான படம். நான் எப்போதும் படம் போடுவதற்கு முன் அட்டவணையைப் பார்ப்பவன். உன் நோட்டில் இருந்த அட்டவணையில் ஒன்பது நட்சத்திரம் இருந்தது.

அதை நான் கேட்டதுதான் குற்றமாகிவிட்டது. கேட்பதற்கு முன்னால், அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நீயே எனக்கு விளக்கிச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். உங்களுக்குப் புரியாதுங்க என்று நீ சொன்ன ஆளுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்.

சூரியன் மாதிரியான நட்சத்திரம் வயதானால் ஊதிச் சிவந்து பெரிதாகிறது. அதன் நடுவில், எரிந்து முடிந்த ஹைட்ரஜன் ஹீலியமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அந்த நடுக்கரு இறுகிக் கிடக்கிறது, உடனே பற்றாது. பாதிச் சூரியனுக்குச் சற்றுக் குறைவான எடை சேர்ந்த பிறகுதான் குப்பென்று பற்றும். நட்சத்திரம் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிதோ கொஞ்சம் சிறிதோ, பற்றுகிற எடை ஏறக்குறைய ஒன்றுதான். சில நட்சத்திரங்களுக்கு அந்தச் சமயத்தில் மேல்தோல் முழுக்க உரிந்துபோகிறது. பக்கத்தில் சுற்றும் ஜோடி நட்சத்திரம் அதை உருவிக்கொண்டிருக்கலாம். மிஞ்சுவது சின்ன, நீலமாய்க் கொதிக்கிற ஒரு நட்சத்திரம். நீ அதைச் சூடான சப்ட்வார்ஃப் என்றாய். நான் தோலுரிந்த நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டேன். மற்ற நட்சத்திரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கிற கரு இதில் வெளியே தெரிகிறது. ஆகவே இதன் எடையைக் கண்டுபிடித்தால், எந்த எடையில் கரு பற்றுகிறது என்று புத்தகத்தில் போட்ட கணக்கு சரியா என்று சோதித்துவிடலாம். அதுதான் உன் தீசிஸ்.

எடை போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்றும் நீ சொன்னாய். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் மேற்பரப்பில் ஈர்ப்பு எவ்வளவு என்று தெரியும். அதிலிருந்து எடைக்குப் போக நட்சத்திரத்தின் அகலம் வேண்டும். அகலத்துக்குத் தூரம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குத் தூரம் தெரியாது. அதனால் பலர் எடை பாதிச் சூரியன் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள் என்று சிரித்தாய். நீ அப்படிச் செய்யவில்லை. பக்கத்திலேயே சாதாரண நட்சத்திரம் ஒன்று ஜோடியாக இருக்கிறவற்றை மட்டும் தேடிப் பிடித்தாய். சாதாரண நட்சத்திரத்தின் உண்மையான வெளிச்சம் தெரியும், அதை வைத்துத் தூரம், தூரத்தை வைத்து அகலம், அகலத்தை வைத்து எடை. ஜவ்வாது மலையில் தொலைநோக்கிக்கு முறை வரும் என்று மழையிலும் பனியிலும் காத்துக் கிடந்து நீ சேர்த்தது இந்த ஒன்பது. அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அது இருபது மணி நேரம்கூட நிற்கவில்லை.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். “டேபிள்ல ஒம்பது இருக்குது. படத்துக்கு எட்டுத்தான் குடுத்திருக்கற?”

“அந்த ஒண்ணு வேண்டாமுங்கப்பா. அது செரியில்லாத அளவு.”

“செரியில்லைன்னு எப்பிடிக் கண்ட?”

“எடை ரொம்பக் கம்மியா வருதுங்க. மூணுல ஒரு பங்கு சூரியன்தான் வருது. தியரிக்கு ஒத்து வரலீங்க.”

“தியரி செரியான்னு பாக்கத்தான அளந்த?”

நீ குழம்பை ஊற்றிக்கொண்டாய். நான் விடவில்லை. அந்த நட்சத்திரத்தை எத்தனை தடவை அளந்தாய் என்றேன். மூன்று தடவை என்றாய். மற்ற எட்டையும்? ஒரு தடவை. மூன்று தடவையும் அதற்கு என்ன எடை வந்தது? அதே எடைதான் வந்தது என்று தட்டைப் பார்த்துச் சொன்னாய்.

“அப்ப ஒம்பதுலயே நல்லா அளந்தது அது ஒண்ணுதான்டா” என்றேன்.

“ரிக்கு ஓட்டறதும் இதும் ஒண்ணாங்கப்பா? அந்த ஒண்ண உள்ள வெச்சா பரிசோதிக்கறவங்க அதயேதான் நோண்டுவாங்க. ஆறு மாசம் இழுத்துருவாங்க. அந்த வேல எனக்காகக் காத்துட்டு இருக்காதுங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க.”

“எட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு ஏரோப்ளேன் ஏறுனா அங்க போயி எத அளப்ப? வாத்தியாரு மூஞ்சியவா?”

உன் அம்மா உள்ளேயிருந்து, “நட்சத்திரம் எங்கியும் போயிராது. சோறு ஆறுது, ரெண்டு பேரும் மொதல்ல தின்னுங்க” என்றாள். அதற்குள் நீ கை கழுவிவிட்டாய்.

அந்த ஒன்பதாவது பற்றி நீயே முந்தைய நாள் வாய்தவறிச் சொன்னது ஒன்று உண்டு. இரண்டு சூரியனுக்கு மேல் கனமாகப் பிறந்த நட்சத்திரத்தில் கரு இறுகுவதில்லை, முதலிலேயே சூடாகிவிடும், அதனால் மூன்றில் ஒரு பங்கு எடையிலேயே அமைதியாகப் பற்றிவிடும் என்றாய். செத்துப்போன இரண்டு சின்ன நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கிக் கலந்துவிட்டால், பற்றுகிற எடை ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை என்றும் சொன்னாய். அப்படியானால் எடை என்பது அந்த நட்சத்திரம் வந்த வழியைச் சொல்லும் அடையாளம். எட்டு நட்சத்திரம் எல்லோருக்கும் தெரிந்த வழியில் வந்தன. ஒன்று வேறு வழியில் வந்திருக்கிறது, அல்லது வந்திருக்கலாம். அதிகம் பேர் பார்த்திராத ஒரு வழி உன் கையில் மாட்டியிருக்கிறது. அதை நீ அழுக்கு மாதிரித் துடைக்கிறாய். எடையைப் பாதிச் சூரியன் என்று ஊகித்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாயே, அவர்களாவது ஊகித்தோம் என்று எழுதுகிறார்கள். நீ அளந்துவிட்டு மறைக்கிறாய்.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று பஸ் போன பிறகு யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது படிக்கும்போது ஒரு தண்ணீர்த்தொட்டிக் கணக்கு. நீ பதினெட்டு மணி நேரம் என்றாய். கைடின் கடைசிப் பக்கத்தில் பதினாறு என்று இருந்தது. மூன்று தடவை போட்டும் உனக்குப் பதினெட்டுதான் வந்தது. அன்று லாரி ரிப்பேராகி எரிச்சலோடு வந்திருந்தேன், நான் போட்டுப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்து, பதினாறு வருகிற வரைக்கும் எழுந்திருக்காதே என்றேன். அரைமணி நேரத்தில் பதினாறு வந்தது. எப்படி வரவைத்தாய் என்று நான் கேட்கவில்லை, வந்ததே போதும் என்று இருந்தேன். மறுநாள் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பதினெட்டுதான் சரி. கைடில் அச்சுப்பிழை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். அடித்த கைக்குக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு உனக்கு நான் கற்றுக்கொடுத்தது என்னவென்று இப்போது உன் படத்தில் தெரிகிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டதால் நீ செய்தது சரியென்று ஆகிவிடாது. உனக்கு இருபத்தைந்து வயசாகிறது, அன்று நான் விட்ட அறையின் பின்னால் இன்னும் ஒளிய முடியாது.

இரண்டாவது ஒன்று இருக்கிறது. அதை உன் அம்மாவிடமும் இந்த வாரம்தான் சொன்னேன். நீ சின்னப் பையனாக இருந்த வறட்சிக் காலம் அது. எங்கள் ரிக்கு பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே வரிசையாகப் போர் போட்டுக்கொண்டிருந்தது. முப்பது வயசு எனக்கு, கையில் டிப்ளமோ, வாயில் அடக்கம் கிடையாது. ரிக்கில் பல வருஷம் பழகியவர்கள் வாயால் சொல்லுவதை நான் தாளில் போட்டுக் காட்டுவேன் என்று, ஒவ்வொரு போருக்கும் எத்தனை அடியில் பாறை வருகிறது என்று குறித்து ஒரு படம் வைத்திருந்தேன். பதினோரு போரிலும் நாற்பதடியில் பாறை, அதற்குக் கீழே ஒரே கெட்டி. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களிடம், இந்தப் பக்கத்தில் நாற்பதடிக்குக் கீழே மண் சரியாமல் தாங்க ஒரு அடிகூடக் கேசிங் குழாய் தேவையில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாவது போர் பெரியண்ணன் என்பவர் பூவுக்காக அரளி வைத்திருந்த காட்டில். போர் போடும்போது காற்று ஊதித் தள்ளுகிற கல்தூளைப் பத்தடிக்கு ஒரு குவியலாக அள்ளி வரிசையாக வைப்பது எங்கள் வழக்கம். வேலை முடிந்ததும் காட்டுக்காரர் அந்த வரிசையோடு நடந்து பார்ப்பார். பூமிக்குள் இறங்கிப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்த வரிசைதான் சாட்சி. நூற்றி நாற்பதாவது அடியில் தூள் நின்று, சிவப்பாக, ஈரமாக, கையில் ஒட்டுகிற மண் வந்தது. பெரியண்ணன் சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தார். எங்கள் டிரில்லர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், மிஷினை நிறுத்திவிட்டார்.

“டிப்ளமாக்காரரே, மண்ணு வருதுங்க. தொளையப் பெரிசு பண்ணிக் கேசிங் எறக்கிரலாம். நாளைக்கி ஒரு நாள் சேத்தி ஆவும்.”

“பாறைக்குக் கீழ எங்கீங்க மண்ணு வரும்? மேல இருந்து வழிஞ்சிருக்கும். ஓட்டுங்க.”

“வழிஞ்ச மண்ணு இந்த நெறத்துல இருக்குமுங்களா?”

“நீங்க படத்தப் பாத்தீங்களா, நான் பாத்தனா?”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். “படத்தையே தோண்டிக்கலாமுங்க அப்ப” என்று சொல்லிவிட்டு மிஷினை எடுத்தார். பத்தடி போனதும் மறுபடி பாறைத்தூள் வந்தது. பார்த்தீர்களா என்று அவரைப் பார்த்தேன். பிறகு அந்தச் சிவப்புக் குவியலைக் காலால் நிரவிவிட்டு, பக்கத்துக் குவியலில் இருந்து இரண்டு கை சாம்பல் நிறத் தூளை அள்ளி அந்த இடத்தில் வைத்தேன். பெரியண்ணன் வந்து வரிசையோடு நடந்து பார்த்து, “ஒரே சீராத்தானுங்க இருக்குது” என்றார். ஆமாங்க என்றேன். என் படத்தில் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டேன். பன்னிரண்டும் ஒன்றுபோல இருந்தன.

எட்டாவது மாதம் அந்த மண் ஊறிச் சரிந்தது. போருக்குள் இறங்கியிருந்த மோட்டாரும் குழாயும் அப்படியே மாட்டிக்கொண்டன. கோடையில் அரளி காய்ந்துபோனது. என் படத்தை நம்பி அதே கோட்டில் போட்ட வேறு மூன்று போரும் பின்னால் அதே மாதிரி அடைத்துக்கொண்டன. நான் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டேன், சொல்லக் கேள்விதான். சில வருஷம் கழித்து இன்னொரு ரிக்குக்காரர் அதே சிவப்பு மண்ணில் துளையிட்ட கேசிங்கை இறக்கினார். தண்ணீர் பீறிட்டது. அந்தப் பக்கத்தில் பாறைக்குள் தண்ணீர் ஓடுகிற வெடிப்பே அந்தச் சிவப்பு மண்தான். பதினோரு சாம்பல் குவியல் எனக்குச் சொல்லாததை அந்த ஒரு சிவப்புக் குவியல் சொல்லியிருக்கிறது. நான் காலால் நிரவிவிட்டேன்.

நீ போன மூன்றாம் நாள் நான் பனமரத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு யோக்கியதை வேண்டுமல்லவா. பெரியண்ணன் காலையில் அரளி மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். ஆளை அடையாளம் கண்டுகொண்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“அன்னைக்கி ஒரு குவியல நாந்தாங்க கலைச்சுப்புட்டேன். செவப்பு மண்ணு வந்துச்சு. மறைச்சுட்டேன்.”

அவர் கை நிற்கவில்லை. “எத்தன அடியில?”

“நூத்தி நாப்பது.”

“ம்.” நாலைந்து மொட்டுகளைக் கூடையில் போட்டார். “அப்ப நெலத்துல கொற இல்லீங்க.”

“இல்லீங்க.”

“சாமி குத்தம்னு சொன்னாங்க. ரெண்டு வருசம் ஒரு கோயிலு பாக்கியில்லாமப் போனமுங்க. அப்பறம் ஒருத்தன் வந்து ஊட்டு வாசல் தெசை செரியில்லைன்னான். அத அடைச்சுப்போட்டு இந்தப் பக்கம் வாசல் வெச்சோம். பெரியவன் எங்கூட மல்லுக்கட்டிக்கிட்டு லாரிக்குப் போனவன், வடக்க எங்கியோ இருக்கறான். பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவான்.” அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா வாசலு அங்கியே இருந்திருக்குமுங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பதினொன்னரைக்கு சேலம் பஸ்ஸு இருக்குது. போங்க” என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடித்திருக்கவும் மாட்டேன். வரும்போது அந்த வீட்டைப் பார்த்தேன். பழைய வாசல் இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தது, சுண்ணாம்பு அடித்தும் அந்த நிலைச் சட்டத்தின் அளவு சுவரில் தெரிந்தது.

ஒரு அளவை மறைத்தால் அது இல்லாமல் போய்விடும் என்று நீ நினைக்கிறாய். அது போகாது. அது இருந்த இடத்தில் மனிதர்கள் வேறு எதையாவது காரணமாக வைத்துவிடுவார்கள். நாளைக்கு ஒருவன் உன் தீசிஸை எடுத்து, எட்டுக்கு எட்டும் ஒரே எடை, ஆகவே தோலுரிந்த நட்சத்திரம் எல்லாம் ஒரே வழியில்தான் வருகிறது என்று எழுதுவான். இன்னொருவன் தன் கையில் மூன்றில் ஒரு பங்கு எடை வரும்போது தன் கருவி பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நீ யாரென்றே தெரியாது. நீ எங்கோ பெரிய உத்தியோகத்தில் இருப்பாய். ஒன்பதாவதின் அளவு உண்மையிலேயே தப்பாகவும் இருக்கலாம், அந்த ஜோடி நட்சத்திரத்தை நீ வேறு வகை என்று எண்ணித் தூரத்தைப் பிசகாகப் போட்டிருக்கலாம். அப்படியென்றால் அதையும் எழுது. எனக்கு இது விளங்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் உன் பட்டத்தின் அகலம் குறையாது. ஆறு மாதம் இழுத்தால் இழுக்கட்டும்.

படத்தை மை போட்டு முடித்துவிட்டேன். ஒன்பது புள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிழை எவ்வளவு என்று உன் நோட்டில் இருந்ததை வைத்து மேலும் கீழும் கோடு இழுத்திருக்கிறேன், நீ எட்டுக்கும் அதையும் விட்டுவிட்டிருந்தாய். ஒன்பதாவதை மற்றவற்றைவிடப் பெரிதாகவும் போடவில்லை, சிறிதாகவும் போடவில்லை. எட்டுப் புள்ளிப் படம்தான் வேண்டும் என்றால் பெங்களூரில் காசுக்கு வரைந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், போய் வாங்கிக்கொள். அதை வைத்து உனக்குப் பட்டம் கிடைக்கும், விமானச் சீட்டும் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் எனக்கு எழுதாதே, உன் அம்மாவுக்கு மட்டும் எழுது. ஒன்பதையும் காட்டி, அவர்கள் ஒப்புக்கொள்ளாமல், அந்த வேலையும் கைவிட்டுப்போய் நீ திரும்பி வருவதாக இருந்தால், எந்த ரயில் என்று ஒரு கார்டு போடு. சேலம் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.